சருகுமான் கேமராவில் விழாதது ஏன்? இடம், உயரம், அடையாளம், கணக்கு

பாபநாசம்_பக்கம்

களக்காடு முண்டந்துறைப் பக்கத்துக் காடு. பசுமைமாறாக் காடும் அதன் கீழ்விளிம்பில் ஈர இலையுதிர் காடும் கலந்த இடம். கணக்கெடுப்புக்குக் கட்டிய கேமராக்களில் மிளா, கரடி, செந்நாய், மரநாய், முள்ளம்பன்றி எல்லாம் விழுந்திருக்கின்றன. மூன்று கிலோ அளவே உள்ள சிறு குளம்பு விலங்கான சருகுமான் மட்டும் ஒரு படம்கூட இல்லை. ஆனால் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் இந்தக் காட்டில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரும் "அது இருக்கு, ராத்திரி ஓடைப் பக்கம் நிக்கும்" என்று அடித்துச் சொல்கிறார்கள். கேமராக்கள் எல்லாம் முழங்கால் உயரத்தில், ஜீப் பாதையிலும் யானைத் தடத்திலும் கட்டியவை. அறிக்கையில் "இல்லை" என்று எழுதலாமா? கூடாது என்றால் எதை மாற்ற வேண்டும்?

இரவாடி

எழுதாதீர்கள். அந்தக் கேமராக்கள் புலிக்கும் சிறுத்தைக்கும் வைத்தவை. சருகுமானைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை என்பதுதான் சரியான வாசகம்.

முதலில் பரப்புக் கணக்கைப் பாருங்கள். 2018 அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 2 சதுர கிலோமீட்டர் கட்டத்துக்கு ஓர் இடம் என்று கேமரா வைத்தார்கள். அதாவது 200 ஹெக்டேருக்கு ஓர் இடம். சருகுமானின் தென்கிழக்காசிய உறவினங்களில் ரேடியோ காலர் மாட்டிப் பார்த்தபோது ஒரு விலங்கின் நடமாட்டப் பரப்பு 10 ஹெக்டேருக்கும் குறைவாகவே இருந்தது. நம்முடையதும் அதே உடல்வாகு, அதே வாழ்முறை. உங்கள் ஒரு கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து சருகுமான்கள் தத்தம் பரப்பில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். கேமரா நிற்பதோ அவற்றில் ஒன்றுகூட நடக்க விரும்பாத அகலப் பாதையில். புலி பாதையில் நடக்கும், சருகுமான் பாதையைக் குறுக்கே தாண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது உயரம். தோள் உயரம் 25 முதல் 30 செ.மீ., எடை 3 கிலோ அளவு. முழங்கால் உயரத்தில் கட்டிய கேமராவின் வெப்ப உணரி கிடைமட்டமாகப் பார்க்கிறது. அதன் பார்வை மேலும் கீழும் குறுகலானது. 2 மீட்டருக்குள் வரும் சிறு விலங்கு அந்தப் பார்வைக்குக் கீழே நுழைந்து போய்விடும். கேமராவுக்கு முன்னால் தரை இறங்கினால் இன்னும் மோசம், எதிர்மரத்தின் நடுத்தண்டைத்தான் அது காவல் காக்கும்.

நான் சொல்லும் அமைப்பு:

லென்ஸ் நடு தரையிலிருந்து 20–25 செ.மீ. கேமராவின் சாய்வு முன்னால் உள்ள தரையின் சாய்வோடு ஒத்திருக்க வேண்டும். ரசமட்டம் பார்த்து நேராகக் கட்டுவது சமதரையில் மட்டும் சரி. விலங்கு கடக்கும் இடம் 1.5 முதல் 2.5 மீட்டர் தூரம். தடத்துக்குச் செங்குத்தாக வைக்காமல் 45 பாகை சரித்து வையுங்கள், சட்டத்துக்குள் கூடுதல் நேரம் நிற்கும். உணர்திறன் அதிகபட்சம். ஒரு தூண்டலுக்கு 3 படம், இடைவெளி பூச்சியம்.

கட்டியதும் சோதனை நிலையில் போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை மெல்ல நகர்த்துங்கள். விளக்கு எங்கே எரிகிறது, எங்கே அணைகிறது என்று இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குச்சிகளுக்கு இடையில்தான் உங்கள் கேமராவுக்குக் கண் இருக்கிறது. இதைக் காலையிலேயே செய்யுங்கள். நண்பகல் வெயிலில் தரை சூடேறி, கைக்கும் தரைக்கும் வெப்ப வேறுபாடு குறைந்து சோதனையே பொய்யாகிவிடும்.

இடம்: ஓடையிலிருந்து 50 மீட்டருக்குள், விழுந்து மட்கும் பெருமரம், பலகைவேர் இடுக்கு, பாறைப் பொந்து, பழம் உதிரும் அத்தி. பகலில் அது படுத்துக்கிடப்பது இந்த மாதிரி மறைவுகளில். குறைந்தது 30 இரவாவது ஒரே இடத்தில் நிற்கட்டும்.

ஈரக்காடு

இரவாடி சொன்ன 20 செ.மீ. கோடைக்குச் சரி. தென்மேற்குப் பருவத்தில் அந்த உயரத்தில் வைத்தால் முதல் மழையிலேயே லென்ஸில் சேறு அப்பிக்கொள்ளும். மரத்திலிருந்து சொட்டும் கனத்த துளி வெறும் மண்ணில் விழுந்து கேமரா முகத்துக்குத் தெறிக்கும். கேமராவுக்கு முன்னால் ஓர் அடி தூரத்துக்குத் தட்டைக் கல்லோ தடித்த சருகுப் படுகையோ பரப்பிவிட்டால் தெறிப்பு பாதிக்கு மேல் அடங்கும். அதையும் மீறினால் 30 செ.மீ. வரை ஏற்றி, மூக்கை லேசாகக் கீழே சாய்ப்பது நல்லது. ஓடைக்கரையில் வைக்கும்போது வெள்ளத் தடம் பாருங்கள். வேர்களில் குப்பை சிக்கி நிற்கும் கோட்டுக்கு மேலேதான் கட்ட வேண்டும்.

இரவு ஒளி பற்றியும் ஒரு வார்த்தை. 1.5 மீட்டருக்குள் வரும் விலங்கு அகச்சிவப்பு ஒளியில் வெள்ளைத் திட்டாகிவிடும், விலாவின் கோடுகள் ஒன்றும் தெரியாது. ஒளியைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைந்த நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் விளக்கு வரிசையின் பாதியை மெல்லிய வெள்ளை நாடாவால் மூடுங்கள். உணரியின் மேல் நாடா படக்கூடாது. பெரும்பாலான கேமராக்களின் குவியம் ஆலையிலேயே நிலைநிறுத்தப்பட்டது, மிக அருகில் எப்படியும் மங்கும். அதனால் 2 மீட்டரே எனக்குப் பிடித்த தூரம்.

பேட்டரி: சாதாரண ஆல்கலைன் போகப் போக மின்னழுத்தம் இறங்கும். பகல் படம் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும், இரவு ஒளி மட்டும் மெலிந்துவிடும். இரவில் நடமாடும் விலங்கைத் தேடும்போது இது வெளியே தெரியாத ஓட்டை. லித்தியம் ஏஏ போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி என்றால் உங்கள் கேமரா 1.2 வோல்ட்டில் சரியாக ஓடுமா என்று முன்கூட்டியே பாருங்கள். பேட்டரி மாற்றும்போது சில கேமராக்கள் தேதியைத் தொடக்க நிலைக்குத் தள்ளிவிடும். ஒவ்வொரு தடவையும் இட எண், தேதி, நேரம் எழுதிய சிலேட்டை முன்னால் பிடித்து ஒரு படம் எடுத்துவிட்டால் பின்னால் நேரத்தைத் திருத்தலாம். உள்ளே சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம். எறும்பு கூடு வைப்பது உறுதி, மூடியின் ரப்பர் விளிம்பில் மண் துகள் இல்லாமல் துடைத்து மூடினால் பெரும்பாலும் தடுக்கலாம்.

பாபநாசம்_பக்கம்

இரண்டு பேருக்கும் நன்றி. பழம் போட்டு இழுக்கலாமா? வாழைப்பழம், பலாச்சுளை போட்டால் சீக்கிரம் வரும் என்கிறார்கள்.

இரவாடி

வேண்டாம். காட்டுப்பன்றியும் குரங்கும் முதலில் வரும், பன்றி நிற்கிற இடத்துக்குச் சருகுமான் வராது. இரை போட்ட இடத்தின் பதிவையும் போடாத இடத்தின் பதிவையும் ஒப்பிடவும் முடியாது. சரணாலயத்துக்குள் உணவு கொண்டுபோய்ப் போடுவதற்கு உங்கள் அனுமதிக் கடிதமும் இடம் கொடுக்காது.

தானாக உதிரும் மரத்தடியில் வைப்பது வேறு விஷயம். சருகுமான் உதிர்ந்த பழத்தை நம்பி வாழும் விலங்கு. இலை, பூண்டு, தளிர் எல்லாம் உண்டு, ஆனால் பழம் கிடைக்கும்போது அதுதான் முதல். சதையோடு விழுங்கி, மறைவில் போய் அசைபோடும்போது கடினமான விதைகளைத் துப்பிவிடும். அதனால் தாய்மரத்தைவிட்டுத் தள்ளி, புதர் மறைவில் சுத்தமான விதைகள் சிறு குவியலாகக் கிடந்தால் அசைபோடும் விலங்கு ஒன்று அங்கே படுத்திருந்தது என்று தெரியும். எந்த விலங்கு என்பதைக் கேமராதான் சொல்ல வேண்டும், கேளையாடு என்ற சிறு மானும் அதையே செய்யும். மரத்தடிக் கேமராவைத் தனி வகையாகக் குறியுங்கள், மற்ற இடங்களோடு கலக்காதீர்கள்.

நெல்லிமரம்

இடையில் ஒரு கேள்வி. புள்ளியும் கோடுமாக இருக்கிற சின்ன மான் படத்தைப் போட்டு "சருகுமான்" என்று பலரும் பகிர்கிறார்கள். பாதிக்கு மேல் புள்ளிமான் குட்டி போலத் தெரிகிறது. படத்தில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஈரக்காடு

புள்ளியைப் பார்க்காதீர்கள், உருவத்தைப் பாருங்கள். சருகுமானின் முதுகு வளைந்திருக்கும். பின்புறம் தோளைவிட உயரம், தலை தாழ்ந்து மூக்கு தரையை நோக்கும். கால்கள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு மெல்லியவை, பென்சில் தடிமன்தான். புள்ளிமான் குட்டிக்கு நீண்ட கால், நேர்முதுகு, தூக்கிய கழுத்து. பிறந்த சில நாளிலேயே அது சருகுமானைவிட உயரம்.

அடுத்து கழுத்தடி. சருகுமானுக்குத் தொண்டையில் வெள்ளைப் பட்டைகள் உண்டு, நடுவில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக. முன்புறம் திரும்பிய படத்தில் இது ஒன்றே போதும். விலாவில் வெண்புள்ளிகள் வரிசையாக ஓடி, சில இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடைக்கோடாகிவிடும். புள்ளிமானில் புள்ளி பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கும். வால் 2.5 செ.மீ. அளவு, படத்தில் இருப்பதே தெரியாது.

கேளையாட்டுக் குட்டிக்கும் முதலில் புள்ளி உண்டு. ஆனால் முகத்தில் கண்ணுக்கு மேலிருந்து ஏறும் கருங்கோடு தெரியும். நாற்கொம்பன் குட்டிக்குப் புள்ளி கிடையாது.

ஆணா பெண்ணா என்றால் வாயைப் பாருங்கள். கொம்பு இரண்டுக்கும் இல்லை. ஆணுக்கு மேல் கோரைப்பல் நீண்டு உதட்டுக்கு வெளியே கீழ்நோக்கி வரும். பக்கவாட்டில் தெளிவான படத்தில் வெள்ளை முள் மாதிரி தெரியும். பெண்ணுக்கும் கோரைப்பல் உண்டு, சிறியது, வெளியே தெரியாது. பல் தெரியவில்லை என்பதற்காகப் பெண் என்று பதியாதீர்கள். "பால் தெரியவில்லை" என்று ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லிமரம்

காலடி, புழுக்கை வைத்துச் சொல்ல முடியாதா?

ஈரக்காடு

காலடி கிடைத்தால் ஓரளவு முடியும். குளம்பு 2 செ.மீ. அளவு, கூர்மையாக, ஈர மணலில் மட்டும் விழும். சருகுத் தரையில் 3 கிலோ விலங்கின் சுவடு பதியாது. புழுக்கையை மட்டும் வைத்து எழுதாதீர்கள். கேளையாட்டுக் குட்டியின் புழுக்கையும் அதே அளவில் வரும். ஆய்வுக்கூடத்தில் மரபணு பார்த்தால்தான் உறுதி.

மாட்டுவைத்தியர்

உடலமைப்பு பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இது மான் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. மானும் மாடும் ஆடும் ஒரு பெரிய கிளை, சருகுமான் குடும்பம் அதற்கு முன்பே பிரிந்த தனிக் கிளை. ஆப்பிரிக்காவில் ஓர் இனம், மற்றவை எல்லாம் ஆசியாவில். நம்முடையதன் அறிவியல் பெயர் மோஸ்கியோலா இண்டிகா.

அசைபோடும், ஆனால் மாட்டுக்கு இருக்கும் மூன்றாவது அறை, அதாவது ஏட்டிரைப்பை, இதற்கு வளர்ச்சி பெறவில்லை. முற்றிய புல்லை மாடு மாதிரி அரைத்துப் பிழைக்க அதனால் முடியாது. பழமும் இளந்தளிருமாகத் தேர்ந்து தின்பதற்கும் இந்த வயிற்றுக்கும் தொடர்பு உண்டு. வளர்ப்பில் இதை மறந்தால் சிக்கல். புல்லையும் வைக்கோலையும் முதன்மையாக வைத்தால் மெலிந்துபோகும், தானியத்தை அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் ஏறும்.

நான்கு விரலும் முழுமையாக உண்டு. மானில் பக்க விரல்கள் பெயரளவுக்குத்தான். நஞ்சுக்கொடியும் வேறு: மாட்டில் பொத்தான் பொத்தானாக ஒட்டியிருக்கும், இதில் கருப்பைச் சுவர் முழுக்கப் பரவி ஒட்டும். இன்னொன்று, சாவகச் சருகுமானின் ரத்தச் சிவப்பணு பாலூட்டிகளிலேயே மிகச் சிறியது, குறுக்களவு 2 மைக்ரோமீட்டருக்கு அருகில். நமக்கு 7-க்கு மேல். இந்தக் குடும்பத்து விலங்கின் ரத்தத்தை நாய்க்கும் மனிதனுக்கும் அமைத்த எண்ணும் கருவியில் அப்படியே போட்டால் அணுக்களில் பெரும்பகுதியைத் தூசி என்று தள்ளிவிடும்.

வன்னிக்காடு

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் இதை உக்குளான் என்பார்கள். 2005 வரைக்கும் இந்தியா, இலங்கை எல்லாவற்றுக்கும் ஒரே இனம் என்றுதான் இருந்தது. அந்த வருடம் கோலின் குரோவ்ஸும் எரிக் மெய்யார்டும் மண்டையோடு, தோல் எல்லாம் ஒப்பிட்டு மூன்றாகப் பிரித்தார்கள். இந்தியாவில் ஒன்று. இலங்கையின் உலர்வலயத்தில் வெண்புள்ளிச் சருகுமான், மோஸ்கியோலா மெமின்னா. தென்மேற்கு ஈரவலயத்தில் மஞ்சள் கோட்டுச் சருகுமான், மோஸ்கியோலா கத்திகிரே. ஈரவலயத்தது செம்மண் சாயல் கூடினது, விலாவில் மஞ்சள் கோடு முறியாமல் நீளமாக ஓடும். சிங்கராஜாவில் காண்பது அது. வில்பத்து, யால பக்கம் காண்பது மற்றது. ஆகவே இலங்கைப் படத்தை வைத்துக்கொண்டு இந்தியச் சருகுமானை அடையாளம் பார்க்க வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் நல்ல படங்களில் கன படம் இலங்கையில் எடுத்தது.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையில் ஒரு கர்ப்பிணிச் சருகுமானைக் கீரி துரத்த, அது குளத்துக்குள் பாய்ந்து மூழ்கி நீந்தியது படமாகவே பதிவாகி இருக்கு. 2008-ல் போர்னியோவில் ஆய்வுக்குப் போனவர்கள், ஓடையில் ஒரு சருகுமான் ஒரு மணி நேரத்துக்குள் பல தடவை மூழ்கி எழும்பினதைப் பார்த்தார்கள், சில தடவை ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீருக்கடியில் இருந்திருக்கு. இரண்டையும் சேர்த்துத்தான் மெய்யார்டும் கூட்டாளிகளும் கட்டுரை எழுதினார்கள். ஓடைப் பக்கம் கேமரா வையுங்கள் என்று இரவாடி சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர் அதற்குக் குடிக்க மட்டும் இல்லை, தப்பி ஓடுவதற்கும்தான்.

தொல்லெலும்பு

வன்னிக்காடு சொன்னதை ஒட்டி ஒரு சேர்க்கை. ஜம்முவின் காலாகோட் பகுதியில் கிடைத்த இந்தோஹையஸ் என்ற புதைபடிவம் சுமார் 4.8 கோடி ஆண்டு பழையது. நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் சேகரித்த பாறைகள் அவர் மறைவுக்குப் பிறகு தொல்லுயிர் ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசன் கையில் வந்தன. பாறையை உடைத்துப் பிரித்தபோது காதெலும்பின் உட்சுவர் தடித்திருந்தது தெரிந்தது. அந்தத் தடிப்பு திமிங்கிலங்களுக்கு உரிய அடையாளம். கால் எலும்புகளின் சுவரும் கனமாக இருந்தது, நீரில் நடக்கும் விலங்குகளில் அப்படித்தான் இருக்கும். 2007-ல் வெளியான அந்தக் கட்டுரை, திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய நில உறவு இந்தோஹையஸின் கூட்டம் என்றது. உருவத்தில் ஏறக்குறைய சருகுமான்.

ஒரு எச்சரிக்கை: இந்தோஹையஸ் சருகுமானின் மூதாதை அல்ல. சருகுமானிலிருந்து திமிங்கிலம் வந்தது என்று சுற்றும் பதிவுகள் முழுத் தவறு. சிறு குளம்பு விலங்கு ஒன்று ஆபத்து வந்தால் நீரில் ஒளியும் என்பதற்கு இன்று கண்முன் உயிரோடு உள்ள உதாரணம் சருகுமான். அந்த அளவில்தான் ஒப்பீடு நிற்கிறது.

பாபநாசம்_பக்கம்

படம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கைக்கு எப்படிப் போவது? நேர்கோட்டுப் பாதையில் நடந்து எண்ணும் முறை புள்ளிமானுக்கும் மிளாவுக்கும் நடக்கிறது.

இரவாடி

சருகுமானுக்கு அது உதவாது, காரணம் நுட்பமானது. அந்த முறையின் அடிப்படை, கோட்டின் மேலேயே இருக்கும் விலங்கு எதையும் தவறவிட மாட்டோம் என்பது. சருகுமான் ஆளரவம் கேட்டதும் ஓடாது, உறைந்து நிற்கும். இரண்டு மூன்று மீட்டர் வரை விட்டுவிட்டுத்தான் பாயும், சில சமயம் பாயவே பாயாது. காலுக்குப் பக்கத்தில் இருப்பதையே தவறவிடும்போது கணக்கின் அடித்தளமே போய்விடுகிறது. மென்பொருள் ஓர் எண் கொடுக்கும், அது குறைவான எண்ணாகவே இருக்கும்.

இரவில் டார்ச் அடித்து நடப்பது கொஞ்சம் மேல். மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில், விளக்கைக் கண்மட்டத்தில் பிடித்து நடக்க வேண்டும். தரையோடு தாழ்ந்து கண்ணொளி தெரியும். ஏமாற்றுபவை மூன்று: சிலந்தி, பக்கி என்ற இரவுப் பறவை, மரநாய். சிலந்தியின் ஒளி மிகச் சிறு புள்ளி, நெருங்க நெருங்கப் பெரிதாகாது. பக்கி தரையில் அப்படியே உட்கார்ந்திருக்கும், கடைசியில் பறந்துவிடும். மரநாய் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். தொலைநோக்கியால் உடலைப் பார்க்காமல் கண்ணொளியை மட்டும் வைத்துப் பதியக் கூடாது. யானை உள்ள காட்டில் வனத்துறை ஆள் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

கேமராவில் தூரத்தை அளந்து அடர்த்தி கணிக்கும் முறை 2017-ல் வந்தது. ஐவரி கோஸ்ட்டில் தாய் (Taï) என்ற பெயருள்ள காட்டில் மாக்ஸ்வெல் டூய்க்கர் என்ற சிறு இரலையில்தான் அதைச் சோதித்தார்கள். கேமரா கட்டும்போதே 1, 2, 3 மீட்டர் என்று குச்சி பிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு விலங்கு நின்ற தூரத்தை அதோடு ஒப்பிட வேண்டும். சருகுமானில் உள்ள தொல்லை, உறைந்து நிற்கும் நேரத்தில் உணரி தூண்டப்படாது. அந்த நேரம் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

உங்கள் நிலையில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எத்தனை சதவீத இடங்களில் இருக்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 10 ஹெக்டேர் வட்டத்தின் குறுக்களவு சுமார் 360 மீட்டர். கேமராக்களுக்கு இடையே 400 மீட்டர் விட்டால் ஒரே விலங்கு இரண்டு இடத்தில் பதிவாவது குறையும். 30 இரவை ஐந்தைந்தாக ஆறு தவணையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் "வந்தது, வரவில்லை" என்று 1, 0 போடுங்கள். எத்தனை தவணையில் தவறுகிறது என்பதிலிருந்து கண்டறியும் வாய்ப்பு கிடைக்கும். அதை வைத்து, படம் விழாத இடங்களில் எத்தனையில் உண்மையில் இருந்திருக்கும் என்று திருத்தலாம். கேமரா பழுதான இரவுகளுக்குப் பூச்சியம் போடாதீர்கள், காலியாக விடுங்கள். அறிக்கைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

எஸ்டேட்_ஓரம்

எண்ணிக்கை பற்றி இவ்வளவு பேசும்போது, எதனால் குறைகிறது என்பதையும் பேச வேண்டும். வால்பாறை மாதிரி தேயிலைக்கு நடுவே காட்டுத் துண்டுகள் உள்ள இடத்தில் என் கவலை சிறுத்தையைப் பற்றியதல்ல. சிறுத்தை, செந்நாய், மலைப்பாம்பு, பெரிய காட்டு ஆந்தை எல்லாம் காலங்காலமாக இதைத் தின்றுவருகின்றன. உறைந்து நிற்பதும் நீரில் பாய்வதும் அவற்றுக்கான பதில்கள். நாய்க்கும் கண்ணிக்கும் அந்தப் பதில் செல்லாது. நாய் மோப்பத்தில் வருகிறது, உறைந்து நின்றால் நேரே வந்து கவ்வும். குடியிருப்பில் சோறு கிடைப்பதால் இரை குறைந்தாலும் நாயின் எண்ணிக்கை குறையாது. அதனால் ஒரு சிறு காட்டுத் துண்டில் கடைசிச் சருகுமான் வரைக்கும் நாயால் துரத்த முடியும்.

கண்ணி இன்னும் கொடியது. முயலுக்கும் பன்றிக்கும் என்று வைக்கும் பிரேக் வயர் சுருக்குகள்தான். செடியை ஒடித்துத் தாழ்வான வேலி போட்டு, நடுவில் இடைவெளி விட்டு, அதில் சுருக்கை வைப்பார்கள். சருகுமான் வேலியைத் தாண்டாது, ஓரமாகவே நடந்து இடைவெளியில் நுழையும். கண்ணி எடுக்கப் போகிறவர்கள் வயரை மட்டும் அறுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வேலி அப்படியே நிற்கிறது, மறுநாள் புது வயர் போட ஐந்து நிமிடம் போதும். இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் படமும் எடுத்துவிட்டு, முளைக்குச்சியைப் பிடுங்கி, வேலியையும் கலைத்துப் பரப்பிவிட வேண்டும். 5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடங்கள், பார்வை முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். வனத்துறையோடு சேர்ந்து மட்டும் செய்யுங்கள், வயரைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் தனியாக நிற்பது உங்களுக்கே வழக்காகும். சருகுமான் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. வேட்டைக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தபட்சம் 25,000 ரூபாய்.

வியட்நாமைப் பாருங்கள். அங்கே வெள்ளி முதுகுச் சருகுமான் என்ற இனம் 1910-ல் விவரிக்கப்பட்டது. 1990-ல் ஒரு வேட்டைக்காரரிடமிருந்து ஓர் உடல் கிடைத்ததற்குப் பிறகு அறிவியலுக்குச் செய்தியே இல்லை. ஆய்வாளர்கள் ஊர்மக்களிடமும் வனக்காவலர்களிடமும் கேட்டு, சாம்பல் நிறச் சருகுமான் பார்த்ததாக அவர்கள் சொன்ன இடத்தில் மூன்று கேமரா வைத்தார்கள். ஐந்து மாதத்தில் 275 படம். பிறகு 29 கேமரா, 1,881 படம். 2019 நவம்பரில் அறிவித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது தொலைந்த விலங்காகவே இருந்ததில்லை. பாபநாசம் நண்பர் தன் காவலர்கள் சொன்னதை ஒதுக்காமல் இங்கே வந்து கேட்டது சரியான காரியம். எந்த ஓடை, எந்தப் பாறை என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள், கேமரா அங்கே போகட்டும்.

நெல்லிமரம்

ஹைதராபாத்தில் வளர்த்துக் காட்டில் விடுகிறார்களே, அது வேலை செய்கிறதா?

மாட்டுவைத்தியர்

இனப்பெருக்கம் நன்றாக வேலை செய்தது. 2010-ல் நேரு விலங்கியல் பூங்கா, சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் லாகோன்ஸ் ஆய்வகம், மத்திய விலங்கியல் பூங்கா ஆணையம் மூன்றும் சேர்ந்து தொடங்கின. சில விலங்குகளில் ஆரம்பித்து நூற்றுக்கு மேல் போனது. நல்லமலைப் பக்கம் அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். நேரே திறந்துவிடாமல், காட்டுக்குள்ளேயே அடைப்பில் வைத்துப் பழக்கி விடுவதுதான் முறை.

எண்ணிக்கை இவ்வளவு சீக்கிரம் ஏறியதற்குக் காரணம் அதன் உடலிலேயே இருக்கிறது. சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. ஈன்ற சில மணி நேரத்துக்குள் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆண் அதே கூண்டில் இருந்தால் பாலூட்டிக்கொண்டே அடுத்த சினையைச் சுமக்கும். எந்த நாளில் எந்த ஆணைச் சேர்ப்பது என்பதுதான் வளர்ப்பின் மையக் கேள்வி. தவறவிட்டால் நெருங்கிய ரத்த உறவில் குட்டிகள் பெருகும். இரண்டு ஆணை ஒரே அடைப்பில் விடக் கூடாது, கோரைப்பல்லால் கிழித்துக்கொள்ளும்.

கம்பி வலைக் கூண்டும் ஆகாது. மிரண்டால் முழு வேகத்தில் நேராகப் போய் மோதும், கழுத்தும் தாடையும் முறியும். கீழ்ப்பகுதி ஓர் ஆள் இடுப்பளவுக்கு நாணல் தட்டியோ பாயோ கட்டி மறைத்து, உள்ளே சருகும் குழாய் மாதிரி மறைவும் வைக்க வேண்டும்.

எஸ்டேட்_ஓரம்

தேயிலை கவாத்து நேரத்தில் தொழிலாளர்கள் செடியடியில் குட்டியைப் பார்த்து எடுத்து வந்துவிடுகிறார்கள். அப்போது என்ன செய்யச் சொல்வது?

மாட்டுவைத்தியர்

எடுக்காமலிருப்பதே முதல். தாய் குட்டியை ஒளித்துவைத்துவிட்டு விலகி மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். தனியாகக் கிடப்பது அநாதை என்பதற்கு அடையாளம் அல்ல. அந்த வரிசையில் அன்றைக்குக் கவாத்தை நிறுத்தி, நாயைக் கட்டச் சொல்லுங்கள்.

எடுத்து வந்துவிட்டார்கள் என்றால், காயம் இல்லாதவரை அன்று மாலையே அதே இடத்தில், வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பதை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். புட்டியில் பசும்பால் ஊற்றவே கூடாது. மிரண்ட குட்டிக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும், சாவுக்கு அதுவே போதும்.

நாய் கடித்த பெரிய விலங்கு என்றால் துரத்திப் பிடிக்காதீர்கள். துரத்தலில் தசை சிதைந்து, வெளியே காயமே இல்லாமல் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போவது இந்த விலங்குகளில் வழக்கம். ஒரு தடித்த துணியை மேலே போட்டு, கண்ணை மறைத்து, கால்களை உடலோடு சேர்த்து மடக்கித் தூக்குங்கள். காலைப் பிடித்துத் தூக்கினால் எலும்பு முறியும். உடல் நீளத்தைவிடச் சற்றே பெரிய மூடிய அட்டைப் பெட்டி போதும், உள்ளே சாக்கு விரித்து, காற்றுத் துளைகளைக் கீழ்ப்பாதியில் போடுங்கள். பெட்டி பெரிதாக இருந்தால் உள்ளே துள்ளி அடிபடும். வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லி, அவர்கள் வரும்வரை இருட்டில், பேச்சுச் சத்தமில்லாத அறையில் வையுங்கள். திறந்து திறந்து பார்க்க வேண்டாம், போட்டோவும் வேண்டாம். ஒப்படைக்கும்போது எடுத்த இடம், நேரம், நாய் துரத்தியதா இல்லையா என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். மருந்தை முடிவு செய்ய மருத்துவருக்கு அது தேவைப்படும்.